மரை வெட்டாத மெஷினும் பழைய இரும்புக்கடை பாயும்

பிள்ளைகளா, நம் கொட்டகையில் மேசைமேல் உட்கார்ந்திருக்கிற அந்தச் சின்ன லேத் மெஷினை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அது நம் வீட்டுக்கு வந்த கதையில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். மீதிப் பாதியை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் அம்மாவிடம்கூட. நேரில் சொல்ல இரண்டு மூன்று தடவை வாயெடுத்தேன், வரவில்லை. எழுதினால் வரும் என்று தோன்றியது. பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

இது நடந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு தை மாதத்தில், நம் திண்டுக்கல்லில்தான். அப்போது நான் லேத் பட்டறை வேலையை விட்டு நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. விட்டு நின்றேன் என்று சொல்வதைவிட, என் வலது மணிக்கட்டு என்னை நிறுத்திவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடம் கை லேத்தில் வீலைச் சுற்றிச் சுற்றி உள்ளே எலும்பு தேய்ந்துவிட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிவிட்டு, "இன்னும் அந்த வீலைச் சுத்துனீங்கன்னா சோறு பெசையக்கூட கை ஆகாது" என்றார்.

உங்கள் மாமா சும்மா இருக்கவில்லை. தனக்குத் தெரிந்த நூல் மில்லில் கேட் செக்யூரிட்டி வேலைக்குச் சொல்லிவைத்தார். நல்ல வேலைதான், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நான் பதினாறு வயதில் லேத்துக்கு முன்னால் நின்றவன். இரும்பைக் கடைந்து உருவாக்குவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. அந்தக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டால் நான் டர்னர் இல்லை என்று எனக்கு நானே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தாழ்ப்பாளுக்குக் கம்பி தேடி பேகம்பூர் பக்கம் ஒரு பழைய இரும்புக்கடைக்குப் போனேன். கடைக்கார பாய்க்கு என் வயதுதான் இருக்கும். கடையின் உள்பக்கம் சாக்கு விரித்து அதன்மேல் ஒரு மெஷின். தையல் மெஷின் மேசையில் வைக்கலாம், அவ்வளவுதான் அளவு. ஆனால் கம்பியைக் கவ்விப் பிடிக்கிற சக் இருக்கிறது, அதைச் சீவுகிற டூலைப் பிடிக்கிற இடம் இருக்கிறது, பக்கத்தில் சின்னத் திரையும் எண்கள் போட்ட பொத்தான்களும் இருக்கின்றன. கை வீலைத்தான் காணோம்.

"இது என்ன பாய், பொம்மை லேத்தா?"

"பொம்மையா! காலேஜு பசங்க படிச்ச மெஷினுண்ணே. சிஎன்சி. முப்பது நாப்பது வருசப் பழசு, ஏலத்துல வந்துச்சு. ஒடைச்சு எடைக்குப் போடத்தான் எடுத்தேன். சுத்தியலத் தூக்குன பெறகு மனசு வரல. இதுக்கு முன்னால டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பார்த்தவன்ல நான், உள்ள தொறந்து பார்த்தா அம்புட்டு அழகா இருக்கு. ஒரு மாசம் ஒக்காந்து ஓட்டிப்புட்டேன்."

அவர் பொத்தானில் எண்களை அடித்தார். திரையில் பச்சை எழுத்தில் வரிசையாக வந்தது. பிறகு ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டூல் தானாக நகர்ந்தது, அலுமினியத் துண்டைத் தானாகச் சீவியது, கடைசியில் மரையும் வெட்டியது. ஒரு நட்டை எடுத்து அதில் திருகிக் காட்டினார். வெண்ணெயில் போவது போலப் போனது. யாருடைய மணிக்கட்டும் இதில் தேயவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. மூன்றாம் நாளே பட்டறை முதலாளி கடைசியாகக் கொடுத்து அனுப்பிய பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து அதை வாங்கிவிட்டேன்.

புறப்படும்போது பாய் ஒன்று சொன்னார்: "எடுத்த ஒடனே இரும்பு, பித்தளைன்னு போயிராதீங்க. நல்ல தடியா மெழுகுவத்தி வாங்கி அதச் சீவிப் பழகுங்க. தப்பா அடிச்சு இடிச்சாலும் டூல் ஒடையாது."

வெள்ளிக்கிழமை மெஷினுக்குப் பூசை போட்டோம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், சுண்டல் சாப்பிட்டீர்கள். நான் வேலை செய்த பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சுற்றுகிற இடம் ஒன்றுகூட விடாமல் சந்தனம் வைத்து மேலே குங்குமம் வைக்க வேண்டும். சுற்றுவதுதான் கையைப் பிடிக்கும், அதனால் அதைத்தான் முதலில் கும்பிட வேண்டும் என்பார்கள். நானும் பின்பக்க மூடியைக் கழற்றி, மோட்டார், பெல்ட் ஓடும் புல்லி, சக்கைச் சுழற்றுகிற தண்டின் பின்னால் இருந்த ஓட்டை ஓட்டையான ஒரு வட்டத் தகடு என்று ஒன்று விடாமல் உங்கள் அம்மா பன்னீரில் குழைத்துக் கொடுத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பினேன். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் சுற்றி, மூடியை மாட்டினேன். மனசு நிறைந்திருந்தது.

அடுத்த வாரம் முழுக்க நான் பட்ட பாடு உங்கள் அம்மாவுக்குத்தான் தெரியும். இரண்டு மில்லி நகரச் சொல்லி 2 என்று அடித்தேன். டூல் அசையவே இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால் முடி அளவு நகர்ந்திருக்கிறது. அந்த மெஷினுக்கு ஒரு மில்லி என்றால் நூறு என்று அடிக்க வேண்டும். சரி என்று அடித்தபோது ஒரு பூஜ்யம் கூடிப்போய், டூல் பாய்ந்து மெழுகுவர்த்தியை இரண்டாகப் பிளந்தது. சட்டையெல்லாம் மெழுகுத் தூள்.

"மெசினு வாங்குனீங்களா, இல்ல மெழுகுவத்தி கம்பெனி வச்சிருக்கீங்களா? துவைக்கிறவ நான்தான?" என்றாள் உங்கள் அம்மா. ஆனால் சாயங்காலம் கடைக்குப் போனவள், சொல்லாமலே இன்னும் நாலு மெழுகுவர்த்தி வாங்கி வந்து மேசையில் வைத்தாள்.

எட்டாம் நாள் பித்தளைக் கம்பியை மாட்டி நான் போட்ட எண்களின்படி ஓடவிட்டேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பித்தளை தங்கச் சுருளாக உதிர்ந்தது. நான் மனதில் நினைத்த உருவம் சக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. வலி இல்லாமல் நான் செய்த முதல் ஜாப் அது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். நான் கொட்டகையில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. தோட்டத்துக்கு மருந்தடிக்கிற டேங்குகள் விற்கும் ஒரு கடையில், குழாயை இணைக்கிற பித்தளை நிப்பிள் ஐந்து மாதிரி செய்து கொண்டுவாருங்கள், சரியாக இருந்தால் தொடர்ந்து வேலை தருகிறேன் என்று சொல்லியிருந்தார்கள். நிப்பிளுக்கு மரைதான் உயிர். மரை வெட்டச் சொல்லி அடித்தால் சக் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, டூல் மட்டும் நகரவே இல்லை. எதற்கோ காத்திருப்பது போல அப்படியே நிற்கிறது. அணைத்துப் போட்டேன். எண்களை மாற்றிப் போட்டேன். மூன்று நாள் இதே கதை.

சனிக்கிழமை காலையில் உங்கள் மாமா வந்துவிட்டார்.

"மச்சான், திங்கக்கெழம காலைல மில்லு கேட்ல நிக்கணும். நீங்க வரலேன்னா அந்த எடத்துல வேற ஆளப் போட்டுருவாங்க. இத நம்பிக்கிட்டு இருந்தா நாளைக்குச் சோத்துக்கு வெஞ்சனமா மெழுகுவத்தியத்தான் கடிச்சுக்கணும்."

"செத்த நேரம் பொறு மாப்ள" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக பாய் கடைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம். கடையில் மரை வெட்டிக் காட்டினாரே, அப்புறம் எப்படி இங்கே வெட்டாது? ஏதோ நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு கொடுத்துவிட்டார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கடையில் மூன்று நான்கு பேர் நின்றார்கள். நான் சைக்கிளை ஸ்டாண்டுகூடப் போடாமல் சாய்த்துவிட்டுக் கத்தினேன்.

"என்ன பாய், ஓடாத மெசின என் தலையில கட்டிட்டீங்களே! என் பொழப்ப வச்சா வெளாடுறீங்க?"

"ஏண்ணே, என்னாச்சு? மொதல்ல ஒக்காருங்க."

"ஒக்காரவா வந்தேன்? ஒங்க ஆளுகளே இப்படித்தான்யா!"

பிள்ளைகளா, அந்தக் கடைசி வார்த்தையை எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதாவிட்டால் மற்றதை எழுதி என்ன பிரயோஜனம்? என் வாயிலிருந்துதான் வந்தது. நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தராசுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், "யோவ், என்ன பேச்சுப் பேசுற?" என்று முன்னால் வந்தார். பாய் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். முகம் கறுத்துப்போயிருந்தது. பிறகு என்ன கேட்டார் தெரியுமா?

"சாதாரணமா கடையுதா? மரை மட்டுந்தான் வெட்டலையா?"

"ஆமா."

"சரி. போங்க, மதியம் வாரேன்."

மதியம் ஒரு மொபெட்டில், ஒரு துணிப்பையோடு வந்தார். வீட்டில் உங்கள் அம்மாவும் மாமாவும் இருந்தார்கள். மாமா கொட்டகை வாசலில் சாய்ந்து நின்று, "வாங்க பாய், இதத் திரும்ப எடைக்கு எடுத்துக்குவீங்களா?" என்றார். பாய் அதற்குச் சிரித்தார். மெஷினை ஓடவிட்டு, டூல் நகராமல் நிற்பதைப் பார்த்தார். பின்பக்க மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் குனிந்தார். டார்ச்சை இப்படியும் அப்படியும் திருப்பி ஒரே இடத்தைப் பார்த்தார்.

பிறகு நிமிர்ந்து உங்கள் அம்மாவிடம், "தங்கச்சி, காது குடையுற பஞ்சுக்குச்சி இருக்கா? கொரோனா சமயத்துல வாங்குன சானிடைசர் மிச்சம் கெடந்தா அதுவும் குடும்மா. அப்படியே ஒரு டீயும்" என்றார். என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க போயி மெயின ஆஃப் பண்ணிட்டு, நான் சொல்ற வரைக்கும் அங்கனயே நில்லுங்க. யாரும் தெரியாம போட்டுறக் கூடாது" என்றார். மாமாவுக்கும் ஒரு வேலை கொடுத்தார். மொபெட்டை வெயிலிலிருந்து நகர்த்தி நிறுத்தச் சொன்னார். உங்கள் அம்மா கேட்டதைக் கொடுத்துவிட்டு டீ போடப் போனாள். கொட்டகையில் அவர் மட்டும் இருந்தார்.

பத்து நிமிடம் இருக்கும். கூப்பிட்டார். மூடி மாட்டியாகிவிட்டது. கரண்டைப் போட்டு ஓடவிட்டேன். டூல் நகர்ந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, ஏழெட்டுத் தடவை அதே பள்ளத்தில் போய்ப் போய் வந்தது. பித்தளையில் மரை கண் முன்னால் ஆழமாகிக்கொண்டே வந்தது. நட்டைத் திருகினேன். ஏறியது.

"என்ன பாய் கோளாறு?" என்றார் மாமா.

"ஒயரு ஒண்ணு லூசாயிருந்துச்சு. எங்க கடைலேருந்து வண்டில ஏத்தி எறக்கும்போது ஆட்டிப்புட்டாங்க. எங்க மேலதான் தப்பு. மன்னிச்சுக்கங்கண்ணே."

நான் என்ன செய்தேன் தெரியுமா? மாமா பக்கம் திரும்பி, "பார்த்தியா மாப்ள, நான் சொன்னேன்ல, கடைலதான் கோளாறுன்னு!" என்றேன். பாய் குனிந்து பையைக் கட்டிக்கொண்டிருந்தார். டீயைக் குடித்துவிட்டு, டீ நல்லா இருக்கு என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். மாமா அந்த நிப்பிளை வாங்கி, திருகியும் கழற்றியும் ரொம்ப நேரம் பார்த்தார். "சரி மச்சான், மில்லுல வேற ஆளப் போட்டுக்கச் சொல்லிர்றேன்" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகையைக் கூட்டினேன். மேசைக்குக் கீழே ஒரு காகிதப் பொட்டலம் கிடந்தது. பையில் வைக்கும்போது தவறி விழுந்திருக்க வேண்டும். பிரித்தேன். பத்துப் பன்னிரண்டு பஞ்சுக்குச்சிகள். எல்லாவற்றின் நுனியிலும் மஞ்சளும் சிவப்பும்.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நான் சந்தனம் அப்பிய அந்த ஓட்டைத் தகடு பளிச்சென்று இருந்தது. அதை ஒட்டி ஒரு சின்னக் கண்ணாடிக் கண். தண்டைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்ததும் புரிந்தது. தண்டு சுற்றும்போது தகட்டின் ஓட்டை வழியாக வருகிற வெளிச்சத்தை அந்தக் கண் பார்த்தால்தான், மரையை எந்த இடத்தில் தொடங்குவது என்று மெஷினுக்குத் தெரியும். சாதாரணமாகக் கடைவதற்கு அது தேவையில்லை. சந்தனம் காய்ந்து, சுற்றுகிற வேகத்தில் குங்குமத்தோடு சேர்ந்து தெறித்து, ஓட்டையையும் கண்ணையும் அடைத்திருக்கிறது. ஒயர் எதுவும் லூசாகவில்லை. அடைத்தது நான்.

மோட்டாரில் வைத்த பொட்டு, புல்லியில் வைத்த பொட்டு எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அந்தத் தகட்டையும் கண்ணையும் தவிர வேறு எதையும் அவர் தொடவில்லை.

அன்றே போயிருக்க வேண்டும். போகவில்லை. வெட்கம். ஐந்து நிப்பிளையும் செய்து கடையில் கொடுத்தேன், பிடித்துப்போய் மேலும் செய்யச் சொன்னார்கள். வேலை செய்ய உட்காரும்போதெல்லாம் அந்தக் கறுத்துப்போன முகம்தான் முன்னால் வந்தது. வெள்ளிக்கிழமை இனி முடியாது என்று சைக்கிளை எடுத்தேன். இந்தத் தடவை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். கடையில் அன்று நின்றவர்களில் இரண்டு பேர் இருந்தார்கள், முன்னால் வந்து சத்தம் போட்டவரும் இருந்தார். அவர்கள் காதிலும் விழ வேண்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"பாய், மெசின்ல கோளாறு இல்ல. நான் வச்ச சந்தனந்தான் அடைச்சிருச்சு. அன்னைக்குப் பேசுனது தப்பு. ஒங்க ஆளுகன்னு சொன்னேன் பாருங்க, அது பெரிய தப்பு."

அவர் எடைக்கல்லைக் கீழே வைத்தார். "பொட்டலத்த வுட்டுட்டு வந்துட்டனா? வழியில எங்கயோ விழுந்துருச்சுன்னுல்ல நெனச்சேன்."

"ஏன் பாய் சொல்லல? ஏன் ஒங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"ஒங்க மச்சினன் வாசல்ல நிக்கிறாரு, கேலி பேசிக்கிட்டு. வீட்டம்மா டீ போடுறாங்க. சாமி கும்பிட்டதுலதான் மெசினு நின்னுச்சுன்னு நான் வாயத் தொறந்து சொன்னா, தங்கச்சிக்கு இனிமே பொட்டு வைக்கையில எல்லாம் கை நடுங்கும். ஒயருன்னா யாருக்கும் ஒண்ணும் இல்ல. அந்தக் கண்ணப் பத்தி விக்கையிலயே சொல்லாததும் ஏந் தப்புதான். அடுத்த ஆயுத பூசைக்கு முன்னால நைசா வந்து, 'அண்ணே, அந்தத் தகட்டுல மட்டும் வைக்காதீங்க'ன்னு காதுல சொல்லிரலாம்னு இருந்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சத்தம் போட்டவரும் சிரித்துவிட்டார். பிறகு பாய் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "அந்த வார்த்தை வலிச்சுச்சுண்ணே. வலிக்கலன்னு சொன்னா பொய்யாயிரும். இப்ப நீங்க வந்துட்டீங்க, முடிஞ்சது. அம்புட்டுத்தான்."

அதற்குள் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. மற்ற இரண்டு பேரும் முன்னால் நடந்தார்கள். பாய் கையைக் கழுவிக்கொண்டு, தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, கடையிலிருந்து இறங்கியவர் திரும்பினார். "அண்ணே, ஒண்ணும் அவசரமில்லையே? ஷட்டர எறக்கல. செத்த நேரம் கடையப் பார்த்துக்கங்க, போயிட்டு வாரேன்."

நான் பதில் சொல்வதற்குள் தெருவில் போய்விட்டார். மேசை டிராயரைக்கூடப் பூட்டவில்லை. ஆறு நாளைக்கு முன்னால் அதே இடத்தில் நின்று ஏமாற்றுக்காரன் என்று கத்தியவனிடம் கடையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

இன்றைக்கு நம் வீட்டில் அடுப்பு எரிவது அந்த மெஷினால். நான் இன்றைக்கும் என்னை டர்னர் என்று சொல்லிக்கொள்வது அந்த மனிதரால். இதை அம்மாவிடமும் மாமாவிடமும் நீங்களே படித்துக் காட்டுங்கள். பொட்டு வைக்க அம்மா பயப்பட வேண்டியதில்லை என்றும், அந்தத் தகடு ஒன்றை மட்டும் விட்டுவிட்டு வைத்தால் போதும் என்றும் சொல்லுங்கள். யாரையாவது பார்த்து 'இந்த ஆளுகளே இப்படி' என்று உங்கள் நாக்கு நீளும்போது, உங்கள் அப்பன் ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டு, பதிலுக்கு என்ன வாங்கிக்கொண்டு வந்தான் என்பது உங்களுக்கு நினைவு வந்தால் எனக்குப் போதும்.

அன்றைக்கு அந்தக் கடையில் தனியாக இருந்தேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு தகர டப்பா நிறைய, போல்ட்டும் நட்டும் தனித்தனியாகக் கலந்து கிடந்தன. அதைத் தரையில் கொட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து, அதற்குச் சேருகிற நட்டைத் தேடி, மணிக்கட்டை அசைக்காமல் இடது கை விரலால் திருகித் திருகி, அவர் வருகிற வரைக்கும் வரிசையாக அடுக்கிக்கொண்டே இருந்தேன்.